கழிப்பறை வரிசையில் பிறந்த சங்கம்

பட்டன் பிரிவின் மூலையில் தொடங்கி இந்த மேடையின் நடு நாற்காலிக்கு வந்து, நம் ஆண்டுப் பேரவைக்குத் தலைமை ஏற்றிருக்கும், நம் அனைவருக்கும் அக்காவான பட்டன் அக்கா அவர்களே! மனைவி தலைமை தாங்கும் மேடையில் மறுபேச்சுப் பேசாமல் மரியாதையாக அமர்ந்திருக்கும் கட்டிங் மாஸ்டர் அண்ணன் அவர்களே! சிரிக்காதீர்கள், அவரும் சிரிக்கிறார் பாருங்கள். முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் நம் வக்கீல் ஐயா அவர்களே! முதுகு வளைந்தாலும் முடிவில் வளையாத மூத்த தையல் தாய்மார்களே! நீராவியில் வெந்தும் நிமிர்ந்து நிற்கும் இஸ்திரிப் பிரிவுச் சகோதரர்களே! பிசிறு வெட்டும் பெரியம்மாக்களே, பெட்டி கட்டும் தம்பிகளே! இடுப்பில் பிள்ளையோடு வாசலில் நிற்கும் தாய்மார்களே, உள்ளே வாருங்கள், பிள்ளை அழுதால் அழட்டும், இது நம் வீட்டு மண்டபம்! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் உள்ளம் நிறைந்த வணக்கம்.

என்ன? மைக் இரைகிறதா? தம்பி, அந்த மைக்கைக் கொஞ்சம் தள்ளி வை. எனக்கும் அதற்கும் என்றைக்குமே ஒத்துவந்ததில்லை. காலர் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சூப்பர்வைசர் எனக்குச் 'சங்கு' என்று பெயர் வைத்தார். "இந்தம்மா தொண்டையத் திறந்தா ஷிஃப்ட் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு எல்லாரும் எந்திரிச்சிருவாங்க" என்றார். அவர் வாக்கு வீண்போகவில்லை. நான் தொண்டையைத் திறந்தேன். எல்லாரும் எழுந்தார்கள்!

அவையோரே! சங்கத்தின் வரலாற்றைச் சொல் என்று எனக்குக் கட்டளை. வரலாறு என்றால் எங்கே தொடங்கும்? அரண்மனையில் தொடங்குமா? ஆட்சி மன்றத்தில் தொடங்குமா? நம் சங்கத்தின் வரலாறு எங்கே தொடங்கியது தெரியுமா, தோழர்களே? கழிப்பறையில் தொடங்கியது! முகம் சுளிக்காதீர்கள். கூச்சப்படாமல் சொல்கிறேன், கூரைமேல் ஏறி நின்றும் சொல்வேன். நம் சங்கத்தின் முதல் பொதுக்குழு கூடிய இடம் கழிப்பறை வாசல்!

அந்த நாளில் ஒரு தையல் லைனுக்கு ஒரே ஒரு மரத்துண்டு. அதற்கு டோக்கன் என்று பெயர். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால்தான் கழிப்பறைப் பக்கம் கால் வைக்கலாம். ஒருத்தி போய் வந்து கழற்றித் தந்தால்தான் அடுத்தவள் மாட்டலாம். ஒரு லைன் முழுக்கப் பெண்கள், ஒற்றை மரத்துண்டு! கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டாம், கொடுமை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். தண்ணீர் குடித்தால் போக வேண்டிவருமே என்று தாகத்தோடு தைத்தோம். நாக்கு வறண்டது. நரம்பு சுருண்டது. அடிவயிற்றில் நெருப்பை வைத்துக்கொண்டு அயல்நாட்டுக்காரன் போட்டுக்கொள்ளும் சட்டைக்குக் காலர் வைத்தோம்.

எங்கள் லைனில் பாக்கெட் தைக்கும் ஒரு பெண் இருந்தாள். நிறைமாதம். ஒரு நாள் முற்பகல் எழுந்து போய் டோக்கன் கேட்டாள். சூப்பர்வைசர் சொன்னது இன்றும் என் காதில் கிடக்கிறது.

"இப்பத்தானே போயிட்டு வந்தே? உள்ள என்ன, குழாயா வெச்சிருக்கே? போய் உக்காரு!"

அவள் வந்து உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு தைத்தாள். தைத்தாள், தைத்தாள், தாங்க முடியாமல் தலையைத் தையல் பொறிமேல் சாய்த்துவிட்டாள். அவள் உட்கார்ந்திருந்த பலகை நனைந்து தரையில் சொட்டியது. அம்மா! அந்த லைனில் ஒருத்தியாவது சிரித்தாளா? ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. ஏன் தெரியுமா? இன்று அவள், நாளை நான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பட்டன் பிரிவிலிருந்து ஒருவர் எழுந்தார். அதிகம் பேசாதவர். யாரோடும் சண்டைக்குப் போகாதவர். மேடையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அக்கா, நிமிருங்கள், உங்களைத்தான் சொல்கிறேன்! தம் முந்தானையால் அந்தப் பலகையைத் துடைத்தார். அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டார்.

சாப்பாட்டு வேளை வந்தது. அக்கா சாப்பிடவில்லை. வெட்டிப்போட்ட கழிவுத் துணியை அள்ளிவந்தார். சதுரம் சதுரமாக நறுக்கினார். காஜா பொறியில் ஒவ்வொன்றிலும் ஒரு துளை போட்டார், துளையில் நூல் கோத்தார். மணி அடித்து நாங்கள் இருக்கைக்குத் திரும்பியபோது ஒவ்வொரு பொறியின் மேலும் ஒரு துணி டோக்கன்!

ஒருத்தி மாட்டினாள். அடுத்தவள் மாட்டினாள். லைன் முழுக்க மாட்டியது. சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"என்னம்மா இது கழுத்துல?"

"டோக்கன் சார்" என்றார் அக்கா.

"யாரு குடுத்தது?"

"நாங்களே தெச்சுக்கிட்டோம். தைக்கத்தானே சார் எங்களைக் கூப்பிட்டீங்க?"

எழுந்தோம், தோழர்களே! மொத்த லைனும் எழுந்தோம்! எங்களைப் பார்த்து அடுத்த லைன் எழுந்தது. கழிப்பறை வாசலில் தொடங்கிய வரிசை இஸ்திரி மேசைகளைத் தாண்டி, செக்கிங் விளக்குகளைத் தாண்டி, மாடிப்படி வழியாகக் கீழ்த்தளம்வரை போனது. ஒவ்வொரு பொறியாக ஓய்ந்தது. அந்த அமைதியைக் கேட்டிருக்கிறீர்களா? நாளெல்லாம் இரைந்த கூடம் திடீரென்று மௌனமானால் காது கூசும். மேனேஜர் மாடியிலிருந்து செருப்பு மாட்டாமல் ஓடிவந்தார்!

அந்த வரிசையில் நின்றபோதுதான் நாங்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டோம். பக்கத்துப் பொறியில் பல வருடம் உட்கார்ந்தவளின் ஊர் எது என்று அன்றுதான் தெரிந்தது. பிரசவத்துக்குப் போனவளைத் திரும்ப எடுக்காதது தெரிந்தது. விரலில் ஊசி ஏறியவளை வெறும் துணி சுற்றி வீட்டுக்கு அனுப்பியது தெரிந்தது. வெளியேறும் கதவுக்கு வெளியிலிருந்து பூட்டு என்பதும் தெரிந்தது. மாலைக்குள் அந்தப் பூட்டை உடைத்தோம், மரத்துண்டு குப்பைக்குப் போயிற்று. மறுநாள் காலைக்குள் எங்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்ற ஆசை எல்லார் மனத்திலும் வந்துவிட்டது.

சங்கம் வந்தது. எப்படி வந்தது? அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் அல்லவா? வக்கீல் ஐயா வந்தார், சட்டப்படி பதிவு செய்தார். நன்றி மறக்க மாட்டோம் ஐயா. பிள்ளைபெறப் போனவர்களை மீண்டும் வேலைக்கு வாங்கித் தந்தது உங்கள் வாதம்தான். ஆனால் பொறுப்புகளைப் பங்கிட்டபோது நடந்ததைச் சொல்லலாமா? சொல்லட்டுமா ஐயா? சொல் என்று கை காட்டுகிறார், பெரிய மனம்!

தலைவர், கட்டிங் மாஸ்டர். செயலாளர், ஓர் ஆண். பொருளாளர், இன்னோர் ஆண். வரிசையில் நின்றது நாங்கள், நாற்காலியில் அமர்ந்தது அவர்கள்! பட்டன் அக்காவுக்கு என்ன பொறுப்பு? மகளிர் பொறுப்பாளர். "அப்படீன்னா நான் என்ன செய்யணும்?" என்று அக்கா கேட்டார். "கூட்டத்துக்கு டீ வந்துச்சான்னு பாத்துக்கணும்" என்றார்கள். சிரிக்கிறீர்கள்! நாங்கள் அன்று சிரிக்கவில்லை. டீயைக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம்.

பிறகு தேர்தல் வந்தது. வக்கீல் ஐயா தம் கட்சியின் வேட்பாளர். சங்கத்து வாசலில் கட்சிக் கொடி ஏற்ற வேண்டும், பெண்கள் எல்லாரும் ஊர்வலத்துக்கு வர வேண்டும் என்று தீர்மானம் வந்தது. பட்டன் அக்கா தரையிலிருந்து எழுந்தார்.

"ஐயா, எங்கள்ல பாதிப் பேரு உங்களுக்கு ஓட்டுப் போடறவங்க. மீதிப் பேரு எதிர்க்கட்சிக்காரங்க. இந்த வாசப்படி ஏறினா எல்லாரும் தையல்காரங்கதான். உங்க கொடிய இங்க ஏத்திட்டா அந்த மீதிப் பேரு எந்த வாசப்படி ஏறுவாங்க?"

"கட்சி ஜெயிச்சாத்தான்மா சங்கம் நிக்கும்" என்றார் வக்கீல் ஐயா.

"கட்சி தோத்தா?"

கட்டிங் மாஸ்டர் அண்ணன் மேசையில் அடித்தார். "உக்காரு! யார எதுத்துப் பேசறோம்னு தெரியுதா?"

அக்கா சொன்னார், அவையோரே, அமைதியாகச் சொன்னார்: "வீட்ல உக்காரச் சொல்லுங்க, உக்காருறேன். இங்க நானும் உங்கள மாதிரி ஒரு உறுப்பினர்."

சொல்லிவிட்டு வெளியே நடந்தார். பின்னாலேயே நாங்கள் நடந்தோம். கொடி ஏறியது, சங்கம் உடைந்தது. ஒரு வாசலில் இரண்டு பெயர்ப்பலகை! வெட்டுகிறவர்களுக்கு ஒன்று, தைக்கிறவர்களுக்கு ஒன்று. முதலாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நாங்கள் வேலை நிறுத்தினால் அவர்கள் வெட்டினார்கள். அவர்கள் நிறுத்தினால் நாங்கள் தைத்தோம். மேனேஜர் இரண்டு பக்கமும் சிரித்துப் பேசி இரண்டு பக்கமும் கிள்ளினார். வக்கீல் ஐயா தேர்தலில் தோற்றார், நாங்கள் தினந்தோறும் தோற்றோம்.

வீட்டு நிலைமை என்ன என்று கேட்கிறார் அந்தப் பெட்டி கட்டும் தம்பி. நல்ல கேள்வி! நான் அக்காவுக்கும் அண்ணனுக்கும் அடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். வீடு ஒன்று, கொடி இரண்டு. அடுப்பு ஒன்று, அறிக்கை இரண்டு. அக்கா சாப்பாடு போட்டார், பேச்சுக் கொடுக்கவில்லை. சுவரைத் தட்டி என்னைக் கூப்பிடுவார்: "நம்ம எதிர்ச் சங்கத்துத் தலைவரு சாப்பிட வரலாம்னு சொல்லு." நான் எட்டிப்பார்த்தால் தலைவர் இரண்டடி தூரத்தில் சட்டை மடித்துக்கொண்டிருப்பார்! அவர் என்னிடம், "தங்கச்சி, பசியில்லைன்னு சொல்லிரு" என்பார். இரண்டு பேர் முகத்திலும் எத்தனை வேதனை! அரசியல் வீட்டுக்குள் வந்து நடுவில் படுத்துக்கொண்டால் அதைத் தாண்டிப் போக யாருக்கும் வழியில்லை.

இப்படி மாதங்கள் ஓடின. ஒரு விடுமுறை நாள். நடுப்பகல். நான் துணி துவைத்துக்கொண்டிருக்கிறேன். சுவருக்கு அப்பால் தட்டு வைக்கும் ஓசை. பிறகு, மாதக்கணக்கில் நான் கேட்டறியாத ஒன்றைக் கேட்டேன். அக்கா அவரோடு நேராகப் பேசினார்!

"என்ன, தட்டுல கைய வெச்சுட்டு அப்படியே உக்காந்திருக்கீங்க? உப்புப் பத்தலையா?"

"இன்னிக்கு மெஷின் எல்லாம் லாரியில ஏத்துறாங்க."

"எந்த மெஷினு?"

"உங்க மெஷினு. தையல் பிரிவு மொத்தமும். புது இடத்துக்குப் போகுது. கட்டிங் ஆளுங்களுக்கு அங்க வேலை உண்டு, வாயத் திறக்காதீங்கன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. தையலுக்கு அங்கயே புது ஆளு எடுப்பாங்களாம்."

அக்கா கேட்டார், "உங்களுக்குத்தான் வேலை உண்டே. அப்புறம் ஏன் எங்கிட்டச் சொல்றீங்க?"

அண்ணன் சொன்னார், "சோறு எறங்கல."

இரண்டே சொல், தோழர்களே! எத்தனையோ தலைவர்கள் இந்த மண்டபத்தில் மணிக்கணக்கில் முழங்கியிருக்கிறார்கள். அந்த இரண்டு சொல்லுக்கு இணையான சொற்பொழிவை நான் இன்றுவரை கேட்டதில்லை!

அடுத்த நொடி சுவர் அதிர்ந்தது. "சங்கு! ஊது!"

ஊதினேன்! சோப்பு நுரையோடு தெருவில் பாய்ந்து ஊதினேன்! "மெஷின் போகுது! நம்ம மெஷின் போகுது! எல்லாரும் வாங்க!" சந்து சந்தாக ஓடினேன். கதவு திறந்தது, கூட்டம் பிறந்தது! தலைக்குத் தேய்த்த சீயக்காயை அலசாமல் ஒருத்தி வந்தாள். தோளில் ஈரத் துணியோடு ஒருத்தி வந்தாள். அரைகுறையாகத் தைத்த ரவிக்கை கையில், அளவு நாடா கழுத்தில், அப்படியே ஒருத்தி வந்தாள். பால் குடிக்கும் பிள்ளையை விலக்காமல் ஒருத்தி ஓடிவந்தாள். நிறைமாதத்தில் தலை சாய்த்தாளே, அந்தப் பாக்கெட் தைக்கும் பெண், அவள்தான் அது!

ஆலை வாசல் திறந்து கிடந்தது. லாரியின் மேல் எங்கள் பொறிகள், ஒவ்வொன்றின் தலையிலும் சாக்கு கட்டி, ஏதோ குற்றவாளிகளைக் கூட்டிப்போவது போல! யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை, லாரிக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்தோம். தார்ச்சாலை கொதித்தது. அதைவிட எங்கள் நெஞ்சு கொதித்தது.

அப்போது தெருமுனையில் ஒரு கூட்டம். கட்டிங் பிரிவு ஆட்கள். முன்னால் மாஸ்டர் அண்ணன். வேலை உறுதியானவர்கள், வேறு கொடிக்காரர்கள், எதற்கு வருகிறார்கள்? மேனேஜருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "மாஸ்டர், நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்களாவது இவங்களுக்குச் சொல்லுங்க!"

அண்ணன் அவரைத் தாண்டினார். நேரே நடந்து வந்தார். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள்!

"உங்க சங்கம் வேறயாச்சே!" என்று கத்தினார் மேனேஜர்.

"சங்கம் வேறதான் சார்" என்றார் அண்ணன். "நான் வெட்டுன துணி எல்லாத்தையும் இவங்கதான் தெச்சாங்க. தெக்காத துணியப் போத்திக்கிட்டா சார் ஊருக்குள்ள நடப்பீங்க?"

அக்கா என்ன சொன்னார் தெரியுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எடம் பத்தல" என்றார்! தட்டுங்கள் கை, அவர்களுக்காகத் தட்டுங்கள்!

மேனேஜர் ஓட்டுநரிடம் ஓடினார். "வண்டிய எடுப்பா! பக்கத்துல வந்தா பயந்து எந்திரிச்சிருவாங்க." எஞ்சின் உறுமியது. லாரி ஒரு முழம் நகர்ந்தது. வெப்பக் காற்று முகத்தில் அடித்தது. பிள்ளைகள் வீறிட்டன. ஒருத்தியாவது எழுந்தாளா? எழுந்தாளா, சொல்லுங்கள்! இல்லை! கையோடு கை கோத்தோம். கண்ணை மூடிக்கொண்டோம்.

எஞ்சின் நின்றது.

கண்ணைத் திறந்தால் ஓட்டுநர் கீழே நிற்கிறார். சாவியை மேனேஜர் கையில் வைத்தார். "மெஷின் ஏத்தத்தான் சார் கூப்பிட்டீங்க. ஆளு மேல ஏத்தக் கூப்பிடல" என்று சொல்லிவிட்டு, லாரியின் நிழலில் போய் உட்கார்ந்து முகம் துடைத்தார். அவர் யாரோ, எந்த ஊரோ, அதன்பின் நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. எங்கிருந்தாலும் அந்த மனிதர் வாழ்க!

கொஞ்ச நேரத்தில் வக்கீல் ஐயா வந்தார். முதலாளி தம் கட்சிக்கு வேண்டியவர், அந்தப் பக்கம் போகாதே என்று மேலிடம் சொல்லியிருந்தது. ஆனாலும் வந்தார்! எங்கள் முன்னால் நின்று சட்டையில் குத்தியிருந்த கட்சிச் சின்னத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். "நான் சட்டம் சொல்றேன். பேசப்போறது நீங்கதாம்மா" என்று அக்காவை முன்னே விட்டு, அவர் பின்னே நடந்தார். பேச்சு நீண்டது. முதலாளி மிரட்டினார், மழுப்பினார், மன்றாடினார். கட்டிங்கும் தையலும் ஒன்றாக உட்கார்ந்தால் ஒரு சட்டைகூடக் கப்பல் ஏறாது என்பது அவருக்குப் புரிந்தது. பொழுது சாய்வதற்குள் பணிந்தார். பொறிகள் இறங்கின!

யார் இறக்கியது? நாங்களே இறக்கினோம். சாக்கை அவிழ்த்து அவரவர் பொறியை அவரவர் அடையாளம் கண்டோம். கட்டிங் அண்ணன்மார் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் பிடித்து மாடி ஏற்றினோம். அன்றே இரண்டு பலகையையும் இறக்கினோம், ஒரே பலகையை ஏற்றினோம். வாசலில் எந்தக் கட்சிக் கொடியும் கூடாது. பொறியில் உட்கார்கிறவரே பொறுப்பில் உட்கார வேண்டும். பதவியில் பாதி பெண்களுக்கு. இவை அன்று செய்த விதிகள். டீயை இப்போது யார் கொண்டுவருகிறார்கள்? மாஸ்டர் அண்ணன்தான்! நன்றாகவே போடுகிறார்.

இது நேற்றைய வெற்றி. இன்றைய வேலை என்ன, அவையோரே? விதியில் இன்னொரு வரி சேர்க்கும் தீர்மானம் தலைவர் முன் இருக்கிறது. ஆலை விடுதியில் இரண்டு வருடம் தங்கித் தைக்கும் பெண்களைப் 'பயிற்சியாளர்' என்கிறது நிர்வாகம். பயிற்சி பெறுகிறவர் தொழிலாளி இல்லையாம், சங்கத்தில் சேரக் கூடாதாம். அவர்களை முழு உறுப்பினர்களாக, ஓட்டுரிமையோடு சேர்க்க வேண்டும் என்பதே தீர்மானம். கடைவீதிக்கு என்று சொல்லிவிட்டு அவர்களில் சிலர் இங்கே வந்து பின்கதவு ஓரம் நிற்கிறார்கள்.

யாரது, எழுந்து நிற்பது? பிசிறு வெட்டும் பெரியம்மாவா? சொல்லுங்கள் பெரியம்மா, இது எல்லாரும் பேசுகிற சங்கம்.

"ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடற புள்ளைங்களுக்கு எதுக்கு ஓட்டு? நாம கட்டுன சங்கத்த அதுங்க கையில குடுக்கணுமா?" என்கிறார். நியாயமான பயம். பதில் நான் சொல்லப்போவதில்லை. பின்கதவு ஓரம் ஒரு தங்கை கை தூக்குகிறாள். பேசு அம்மா. மைக் இல்லாவிட்டால் என்ன, நீ சொல், நான் ஊதுகிறேன்!

"பெரியம்மா, எங்களப் பயிற்சிக்காரங்கன்னு சொல்றாங்க. நாங்க தைக்கிற சட்டை மட்டும் பயிற்சிச் சட்டையா? அதுவும் உங்க சட்டையோட ஒரே பெட்டியிலதானே போகுது? விடுதிக் கதவ வெளியிலேர்ந்து பூட்டுறாங்க. தீப் பிடிச்சா ரெண்டு வருஷம் முடியட்டும்னு அது காத்திருக்குமா?"

கேட்டீர்களா! கேட்டீர்களா, என் மக்களே! இதற்குமேல் நான் என்ன பேச? நம் ஆலைக் கதவின் பூட்டை நாம் உடைத்தோமே, அந்தப் பூட்டு எங்கே போயிற்று? விடுதிக் கதவுக்குப் போயிருக்கிறது! பெண்கள் விவகாரம் என்று நம்மைத் தள்ளினார்கள் அன்று. வந்து போகிறவர்கள் என்று இவர்களை நாம் தள்ளலாமா இன்று? வரிசையில் கடைசியாக நிற்பவரை விட்டுவிட்டு வென்றது எந்தச் சங்கம்? ஒருவரைப் பூட்டிவைக்க விட்டவர் தாம் பூட்டப்படாமல் தப்பியது எந்த நாட்டில்?

தலைவர் தலையசைக்கிறார். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்!

தூக்குங்கள், உயரத் தூக்குங்கள்! ஊசி குத்திய கைகள், நீராவி சுட்ட கைகள், கத்தி பறித்த விரல் போக மிஞ்சிய விரல்களோடு அதோ கட்டிங் பிரிவின் கைகள்! எண்ண வேண்டியதே இல்லை, மண்டபத்தில் தலை தெரியவில்லை, கைதான் தெரிகிறது! பெரியம்மா? நீங்கள்? யோசிக்கிறார்... அந்தத் தங்கையைத் திரும்பிப் பார்க்கிறார்... தூக்கிவிட்டார்! இரண்டு கையையும் தூக்கிவிட்டார்! பெரியம்மா, ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டுத்தான், ஒன்றை இறக்குங்கள்!

தீர்மானம் நிறைவேறியது. பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கு நன்றி, பேச நேரம் தந்த தலைவருக்கு நன்றி, எதிர்த்துக் கேட்ட பெரியம்மாவுக்கு எல்லாரையும்விடப் பெரிய நன்றி. வழி விடுங்கள், அண்ணன்மாரே, அந்த நாற்காலிகளை ஒதுக்குங்கள். பின்கதவு ஓரம் நிற்பவர்களே, முன்னே வந்து உட்காருங்கள். விடுதிவரை இன்று நாங்கள் எல்லாரும் உங்களோடு நடந்து வருகிறோம், அந்தப் பூட்டைப் பற்றி வாசலிலேயே பேசிவிடலாம். அதற்குமுன், இதுவரை யாரும் உங்களை அழைக்காத பெயரால் ஒரு முறை அழைத்துவிட்டு அமர்கிறேன்.

சங்க உறுப்பினர்களே, வணக்கம்!